வருகைப் பதிவு

ராயக்கோட்டை சாலையில், டயர் கடைக்கு மேல் மாடி.
காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவாள் ஃபர்ஹானா.
என்னைவிடப் பதினோரு வயது சின்னவள்.
ஆறு ஐந்துக்குப் போய் நின்றால்
என் பேருக்கு நேரே ஒரு சிவப்புச் சுழி.

மே மாதம் முழுக்க ஒரே கல்.
எங்கள் கம்பெனி யார்டிலிருந்து நானே தூக்கி வந்தது,
ஏற்றுமதிக்குத் தேறாத கிரானைட் துண்டு.
"ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ரப்பர் தொடக்கூடாது."
கொண்டுவந்த அன்று தெரியவில்லை
அது என்னை இப்படி வேலை வாங்குமென்று.

ஏழரைக்கு மாங்கூழ் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பும்.
வகுப்பே இனிப்பாக வியர்க்கும்.
விரலில் கரித்துண்டு வழுக்கும்.
அப்புறம் ஆபீஸ்,
கன்டெய்னர் எண்கள், ஜிஎஸ்டி,
லெட்ஜர் ஓரத்தில் பதினேழாவது கல்.

வெள்ளி இரவு பத்தரை பஸ்.
கிளாம்பாக்கத்தில் இறங்கி
கேளம்பாக்கம் எப்படிப் போவது என்று கேட்டால்
"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்கிறார் கண்டக்டர்.
இல்லை.
நடுவில் ஒரு மணி நேர இருட்டு இருக்கிறது.

கோவளத்தில் கஸ்பார் பலகையைத் தள்ளிவிட்டு
"இப்ப எழுந்திரு" என்பான்.
எழுவேன். அதாவது, விழுவேன்.
முப்பத்தெட்டு வயதில் இவ்வளவு உப்பு குடிப்பேனென்று
ஜாதகத்தில் இல்லை.
மூன்றாம் முறை போனபோது
நின்றேன்.
நான்கு எண்ணும்வரை நின்றேன்.
கரையில் இருந்தது ஒரு நாய்,
அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை தோள் தூக்கவில்லை.
கல்லின் விளிம்பு காய்ச்சல்காரி கையெழுத்துப் போல வந்தது.
"குடிச்சிட்டு வந்தீங்களா அக்கா?"
"குடிச்சேன். கடலை."
அவள் சிரிக்கவில்லை.
"திரும்ப நாற்பது."

கடல் இல்லாத வாரம் மலை.
மாதேஷும் அவன் மனைவி பிரேமலீலாவும்
ராயக்கோட்டைக் கோட்டைக்கு விடியலிலேயே ஏறுகிறார்கள்.
பாதிப் படியில் ஒரு பாறை,
அதன் அடியில் நீலமாக ஒரு நிழல்.
ஐந்தே நிமிடம் என்று உட்கார்ந்தேன்.
வரைந்து முடிப்பதற்குள் நிழல் கழன்று
வேறெங்கோ போயிருந்தது.
அவர்கள் உச்சியைப் போனில் கொண்டுவந்து காட்டினார்கள்.
என்னிடம் அரைப் பாறை இருந்தது.

கணக்கு எழுதுகிறவள் நான்.
ஞாயிறு இரவு, டோல்கேட் வெளிச்சம் முகத்தில் விழ,
பஸ் ஜன்னலோரம் பற்று வரவு போட்டுப் பார்ப்பேன்:
தூக்கம் இத்தனை, கோடு இத்தனை, அலை இத்தனை.
ஒரு வாரமும் நேராகவில்லை.
பொய்ப் பதிவு போட்டு நேராக்கத் தெரியும்.
போடவில்லை.

கடைசி வாரம் கல்லுக்கு விடுமுறை.
ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து
"உங்களை வரையுங்க" என்றாள்.
நெற்றிக்கு ஒரு நிறம் கலந்தால்
கழுத்துக்கு ஒத்து வரவில்லை.
கழுத்துக்குக் கலந்தது மூக்கின் மேல் நிற்கவில்லை,
அங்கே தோல் உரிந்துகொண்டிருந்தது.
மூன்று நாள், எட்டுப் பழுப்புகள்.
காதுமடலுக்குப் பின்னால் மட்டும்
ஏப்ரல் மாதத்து நான் கொஞ்சம் மிச்சமிருந்தேன்.

ஃபர்ஹானா வெகுநேரம் பார்த்தாள்.
"காது தப்பு" என்றாள்.
பதிவேட்டைப் புரட்டி
"ஒன்பது சுழி. சான்றிதழ் கிடையாது" என்றாள்.
தெரியும் என்றேன்.

ஸ்கெட்ச் புத்தகத்தை மூடித் தூக்கியபோது
முதுகிலிருந்து பொலபொலவென்று மணல்.
சிமெண்டுத் தரையில் ஒரு கைப்பிடி தேறும்.
துடைப்பம் எடுக்கப் போனேன்.
"இருக்கட்டும்" என்று குனிந்து,
ஒரு விரலால் அதைக் கொஞ்சம் நகர்த்தி,
பிறகு நிமிர்ந்து, கடுகடுவென்றே கேட்டாள்:
"அந்த பத்தரை பஸ்,
லேடீஸ் சீட் இருக்குமா?"